க்ரவுன் கோர்ட் வழக்கோடு நாலு வருடம்: எங்களுக்கு யாரும் சொல்லித்தராதவை

2020 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, விடிய ஐந்தரைக்குக் கதவைத் தட்டினார்கள். லொக்டவுன் நேரம். கடைக்குச் சாமான் இறக்குகிற வேன்காரர்தான் வழி மாறி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று நினைத்து இவர், என் கணவர், போய்த் திறந்தார். வாசலில் எட்டுப் பொலிஸ்காரர்கள். பிள்ளைகள் இரண்டும் படிக்கட்டில் நின்று பார்க்க, அல்மாரியைக் கிளறி, கடைக் கணக்குக் கொப்பிகள், மூன்று போன், மகளின் பள்ளிக்கூட லப்டொப் எல்லாவற்றையும் பைகளில் போட்டு லேபல் ஒட்டினார்கள். கள்ளப்பணத்தை நல்ல பணமாக்கச் சதி செய்தது என்று காரணம் சொன்னார்கள். அந்தச் சொற்கள் எனக்கு அன்று விளங்கவில்லை. இவரைக் கொண்டுபோன பிறகு அகராதியில் தேடித்தான் பார்த்தேன்.

நடந்தது இதுதான். எங்களுக்குக் கிழக்கு லண்டனில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. ஊர்க்காரர் ஒருவர் உண்டியல் செய்கிறவர். இங்கே காசைக் கொடுத்தால் அங்கே இலங்கையில், ஊரில் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், வங்கிக்குப் போகத் தேவையில்லை. எங்கள் சனத்தில் உண்டியலில் காசு அனுப்பாத வீடு குறைவு. அவர் இவரிடம் மூன்று தடவை ஒரு பொதியைக் கொடுத்து, "அண்ணை, ஒரு ஆள் வரும், நோட்டு நம்பரைக் காட்டினால் குடுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். ஐந்து பவுண் நோட்டொன்றின் படம் போனில் வரும். வருகிற ஆளின் கையில் அதே இலக்கமுள்ள நோட்டு இருக்கும், அதுதான் ரசீது. மூன்று பொதியிலும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் பவுணுக்கு மேல் இருந்ததாகவும், அது போதைப்பொருள் விற்ற காசு என்றும் பொலிஸ் சொன்னது. அனுமதியில்லாமல் பணம் அனுப்பும் தொழில் செய்வதே குற்றம் என்பதும், எஃப்.சி.ஏ. என்ற நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பின் அனுமதியும் எச்.எம்.ஆர்.சி. என்ற வரித் திணைக்களத்தின் பதிவும் அதற்கு வேண்டும் என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முதல் பிழை அன்றைக்கே நடந்தது. பொலிஸ் நிலையத்தில் இவரிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: வக்கீல் வேண்டுமா, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா? இரண்டுக்கும் வேண்டாம் என்றிருக்கிறார். பிழை செய்யாதவனுக்கு எதற்கு வக்கீல், இருபது வருடம் கடையில் கதைக்கிற இங்கிலிஷ் போதாதா என்ற நினைப்பு. அந்த நாற்பது நிமிட விசாரணையின் ஒலிப்பதிவை நாலு வருடம் கழித்து பன்னிரண்டு ஜூரிமார் கேட்டார்கள். இங்கிலாந்தில் பொலிஸ் நிலையத்தில் யாருக்கும் சட்ட ஆலோசனை இலவசம். உங்கள் வருமானம் எவ்வளவென்றுகூடப் பார்ப்பதில்லை. இரவு இரண்டு மணி என்றாலும் கேட்கலாம், முதலில் மறுத்திருந்தாலும் இடையில் மனம் மாறிக் கேட்கலாம். வக்கீல் கேட்டால் குற்றவாளி மாதிரித் தெரியும் என்று நினைக்காதீர்கள். பேசாமல் இருப்பதா, எதைச் சொல்வது என்பதும் சின்ன முடிவில்லை. அப்போது சொல்லாத ஒன்றைப் பிறகு கோர்ட்டில் சொன்னால், அதை ஜூரி சந்தேகத்தோடு பார்க்க 1994ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால்தான் அந்த இடத்தில் ஒரு சொலிசிட்டர், அதாவது வழக்கைக் கட்டுகிற வக்கீல், பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது பிழை என்னுடையது. விசாரணை தொடர்கிறது என்று சொல்லி இவரை வெளியே விட்டுவிட்டார்கள், குற்றச்சாட்டு இல்லை. நான் பயத்தில் ஓடி ஓடிக் கேட்டேன். எங்களவர் ஒருவர், 'லீகல் கன்சல்டன்ற்' என்று சொல்லிக்கொள்பவர், 3,500 பவுண் காசாக வாங்கினார். மேலிடத்தில் ஆள் தெரியும், கேஸ் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் சொலிசிட்டரும் இல்லை, கோர்ட்டில் வாதாடுகிற பாரிஸ்டரும் இல்லை. அந்தக் காசு போனதுதான். பிறகு ஒரு தனியார் சொலிசிட்டரிடம் போனோம். ஒன்றரை வருடத்தில் மூன்று கடிதம் எழுதினார், 7,200 பவுண் பில் வந்தது. சீட்டெடுத்துக் கட்டினேன். ஒருவர் சொலிசிட்டரா என்று சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதொரிட்டியின் தளத்திலும், பாரிஸ்டரா என்று பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்ட்டின் தளத்திலும் பெயரைப் போட்டு இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். எனக்கு அது தெரிய 10,700 பவுண் செலவானது.

2022 ஜூனில் தபாலில் குற்றச்சாட்டு வந்தது. ஆறு பேர் மீது ஒரே சதி வழக்கு. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. சதிக் குற்றச்சாட்டு என்றால் நேரே, பெரிய குற்றங்களை ஜூரி வைத்து விசாரிக்கிற க்ரவுன் கோர்ட்டுக்குத்தான் அனுப்புவார்கள். இந்த மாதிரிக் குற்றத்துக்கு அதிகபட்சம் 14 வருடம் என்று அந்த நடைபாதையில் வைத்துத்தான் முதல்முறை கேட்டேன். அதே வாரம் சொத்து முடக்க உத்தரவும் வந்தது. கடைக் கணக்கு, எங்கள் இருவரின் சேமிப்பு எல்லாம் நின்றது. மாதம் வீட்டுச் செலவுக்கென்று ஒரு தொகை எடுக்கலாம். ஆனால் முடக்கிய காசிலிருந்து அதே வழக்கின் வக்கீல் செலவுக்கு ஒரு பவுண்கூட எடுக்க முடியாது. அந்த நேரம் பார்த்து எங்கள் தனியார் சொலிசிட்டர் வழக்கு முடிய 60,000 பவுணாவது வரும் என்று மதிப்புச் சொன்னார். தங்கள் நிறுவனம் லீகல் எய்ட் (வக்கீல் செலவை அரசு கொடுக்கும் உதவி) எடுப்பதில்லை என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார்.

கடைக்கு வருகிற ஒரு அக்காவின் மகள் சட்டம் படிக்கிற பிள்ளை. அவள்தான், "ஆன்ரி, முதலில லீகல் எய்டுக்குப் போடுங்கோ, கிடைக்காதெண்டு நீங்களே முடிவெடுக்காதைங்கோ" என்று எங்களை மாற்றினாள். க்ரவுன் கோர்ட் வழக்குக்கு வருமானம் பார்ப்பார்கள், கணவன் மனைவி இருவரின் வருமானத்தையும் சேர்த்து. வீட்டு வாடகை, வரி, பிள்ளைகள் செலவெல்லாம் கழித்து வருடம் 37,500 பவுணோ அதற்கு மேலோ மிஞ்சினால் கிடைக்காது. அதற்குக் கீழே என்றால் கிடைக்கும், ஆனால் மாதாமாதம் பங்கு கட்டச் சொல்லலாம். எங்களுக்கு மாதம் 640 பவுண் கட்டச் சொல்லி வந்தது. ஆறு மாதம் கட்ட வேண்டும், ஒழுங்காகக் கட்டினால் ஐந்தோடு நிறுத்துவார்கள். விடுதலையானால் அந்தப் பணம் திரும்ப வரும். இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள்: காசிருக்கிறது, நாங்களே பாரிஸ்டர் பிடிக்கிறோம் என்று நினைப்பவர்களும் முதலில் விண்ணப்பம் போட்டு, வருமானம் அதிகம் என்று மறுத்த கடிதத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் சொந்தக் காசில் வழக்காடி விடுதலையானால், செலவில் ஒரு சதமும் திரும்பக் கேட்க முடியாது. கடிதம் இருந்தாலும் லீகல் எய்ட் கட்டண அளவுக்குத்தான் தருவார்கள். இதை அறியாமல் வீட்டை விற்று வழக்காடி, குற்றவாளி இல்லை என்ற தீர்ப்போடு கடனாளியாக நிற்கிற குடும்பமொன்றைப் பிறகு சந்தித்தேன்.

இனி பாரிஸ்டருக்கு வருகிறேன். இங்கே சொலிசிட்டர் வேறு, பாரிஸ்டர் வேறு என்பதை ஊரில் ஒரே ஆளாகப் பார்த்த எங்களுக்கு விளங்கிக்கொள்ளவே மாதங்கள் போயின. சொலிசிட்டர் வழக்கைக் கட்டுகிறவர்: கடிதம், சாட்சி, ஆவணம், விண்ணப்பம். பாரிஸ்டர் கோர்ட்டில் எழுந்து நின்று வழக்காடுகிறவர். அவர் யாருடைய சம்பளத்துக்கும் வேலை செய்பவரில்லை. சேம்பர்ஸ் என்று பலர் சேர்ந்திருக்கும் இடத்தில் தனித்தொழில் செய்கிறவர். அவருடைய நாட்களை அங்கேயுள்ள கிளார்க் பார்த்துக்கொள்வார். நாங்கள் நேராக பாரிஸ்டருக்கு போன் எடுப்பதில்லை, எல்லாம் சொலிசிட்டர் ஊடாகத்தான். 'ஜூனியர் கவுன்சல்' என்று கடிதத்தில் கண்டதும் படித்து முடித்த பிள்ளையை அனுப்பப்போகிறார்களோ என்று நான் அழுதேன். கே.சி. (கிங்ஸ் கவுன்சல்) என்ற உயர் பட்டம் இல்லாத எல்லோரும் ஜூனியர்தான், முப்பது வருடம் வழக்காடினாலும். லீகல் எய்டில் பொதுவாக ஒரு ஜூனியர்தான் தருவார்கள். கே.சி.யோ இரண்டாவது பாரிஸ்டரோ வேண்டுமென்றால் வழக்கு அந்தளவு சிக்கல் என்று நீதிபதி ஒத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

முதல் க்ரவுன் கோர்ட் தவணைக்கு எங்கள் பாரிஸ்டர் வரவில்லை. 2022 ஆகஸ்ட். கட்டணம் போதாது என்று குற்றவியல் பாரிஸ்டர்கள் வேலைநிறுத்தம் செய்த காலம். கறுப்புக் கவுனோடு கோர்ட் வாசலில் நின்றவர்களைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் வாழ்க்கை தொங்குகிறது, இவர்களுக்குக் காசா என்று. செப்டம்பர் 5இலிருந்து காலவரையற்ற நிறுத்தமாகி, 15 சதவீத உயர்வை ஏற்று அக்டோபர் 10இல் முடிந்தது. பிறகு ஐந்து வாரம் ஒரு பாரிஸ்டரைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரவு பன்னிரண்டுக்கு அனுப்பிய குறிப்பு, விடிய ஐந்துக்கு அனுப்பிய திருத்தம். அந்த ஆத்திரத்துக்காக இப்போது வருந்துகிறேன்.

வழக்கு 2023 அக்டோபருக்குக் குறிக்கப்பட்டது. இவர் கோட்டெல்லாம் தைத்து, நான் வேலையில் ஐந்து கிழமை சம்பளமில்லா விடுப்பு எடுத்து, முதல் நாள் போனால் இடமில்லை: முந்தைய வழக்கு இழுபட்டுவிட்டது, வேறு கோர்ட் அறையும் கிடைக்கவில்லை. புதிய தேதி 2024 நவம்பர். பதின்மூன்று மாதம். நாடு முழுவதும் தேங்கியிருந்த க்ரவுன் கோர்ட் வழக்குகள் 2024இல் 70,000ஐத் தாண்டியிருந்தன, அதில் ஒன்று எங்களுடையது. அந்தப் பதின்மூன்று மாதத்தில்தான் கடையைக் கொடுத்தோம். வங்கிக் கணக்கில்லாமல் மொத்த வியாபாரிகளிடம் சாமான் எடுக்க முடியவில்லை. 85,000 பவுணுக்குக் கேட்டிருந்த கடையை 45,000க்குக் கொடுத்தோம், அதையும் முடக்கத்துக்குள் போட்டார்கள். உங்களுக்கு விசாரணைத் தேதி தந்தால், அது நகரும் என்று நினைத்தே விடுப்பையும் காசையும் திட்டமிடுங்கள்.

அப்புறம், வழக்குக்கு மூன்று வாரம் இருக்கும்போது சொலிசிட்டர் போன் எடுத்தார். இரண்டு வருடமாக எங்களுக்கிருந்த பாரிஸ்டர் வேறொரு கொலை வழக்கில் மாட்டிக்கொண்டார், அது முடியவில்லை, புதியவர் வருகிறார். எனக்குக் கால் தள்ளாடியது. பதினோராயிரம் பக்கம். மூன்று வாரத்தில் ஒருவர் எதைப் படிப்பார்?

இந்த இடத்தில் ஒன்று எங்களைக் காப்பாற்றியது. வழக்கு தள்ளிப்போன அந்த வருடத்தில், சும்மா இருந்து விசர் பிடிக்காமல் இருக்க நான் ஒரு கொப்பி போட்டேன். இடது பக்கம் தேதி, நடுவில் என்ன நடந்தது, வலது பக்கம் அதற்கு என்ன அத்தாட்சி. பொதி வந்த நாளன்று கடையில் யார் நின்றார், எந்த வேன் சாமான் இறக்கியது, அன்றைய பில் எங்கே, எந்த வட்ஸ்அப் செய்தி எதைப் பற்றியது. அதைச் சுருக்கி ஆறு பக்கத்தில் தட்டச்சு செய்து சொலிசிட்டரிடம் கொடுத்திருந்தேன். புதிய பாரிஸ்டர் முதல் சந்திப்புக்கு வரும்போது அந்த ஆறு பக்கம் கையில் இருந்தது, ஓரமெல்லாம் நீல மையில் கேள்விகள். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். சக்கரம் வைத்த ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் நலம் விசாரிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

அந்தச் சொல் 'சாமான்'. உண்டியல்காரர் இவருக்கு அனுப்பிய செய்தி, "சாமானை ஆறுதலா எடுங்கோ". அரச தரப்பு மொழிபெயர்ப்பில் அது, 'சரக்கைச் சத்தமில்லாமல் எடு' என்ற பொருளில் இருந்தது. சரக்கு என்றால் போதைப்பொருள், சத்தமில்லாமல் என்றால் களவாக. அவ்வளவு வழக்கும் அந்த ஒரு வரியில் வந்து நின்றது. எங்கள் பேச்சில் ஆறுதலா என்றால் அவசரமில்லாமல், நேரம் கிடைக்கும்போது. அந்த மனிதர் எங்கள் கடைக்கு ஊரிலிருந்து ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் இறக்கிக் கொடுப்பவர். அந்தப் பெட்டியைத்தான் மெல்ல எடுங்கோ என்று எழுதினார். தமிழ்நாட்டுத் தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆறுதல் என்றால் தேற்றுவது. அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஊகித்து எழுதியிருக்கிறார்கள். பாரிஸ்டர் ஒரு மணிநேரம் இதையே கேட்டார். அந்தச் சொல்லை என் மாமி எப்படிச் சொல்வார், கடையில் எப்படிச் சொல்வோம், வேறு யாராவது வேறு செய்தியில் அதே சொல்லை எழுதியிருக்கிறார்களா? என் போனிலேயே பதினேழு இடத்தில் இருந்தது. மகளுக்கு எழுதியது: "ஆறுதலா வா பிள்ளை, மழை".

பிறகு அவர் செய்ததைப் பார்த்தால்தான் இந்த வேலை என்னவென்று விளங்கும். அரச தரப்பு தன்னிடம் உள்ளதில் பயன்படுத்தாதவற்றின் பட்டியலொன்றைத் தர வேண்டும், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி. நானூறு வரிக்கு மேல் உள்ள, யாரும் படிக்க விரும்பாத பட்டியல். அதில் ஒரு வரி: 'மொழிபெயர்ப்பு, முதல் வரைவு'. அதை அவர் எழுதிக் கேட்டு, மறுத்தபோது நீதிபதியிடம் போய் எடுத்தார். முதல் வரைவில் சாமான் என்பதற்குப் 'பலசரக்கு' என்றே இருந்தது. இரண்டாவது வரைவில்தான் மாறியிருந்தது. ஈழத்தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளரைச் சொலிசிட்டர் பிடித்து அறிக்கை எடுத்தார், அந்தச் செலவை லீகல் எய்டே கொடுத்தது. உங்கள் வழக்கில் தமிழ்ச் செய்திகள் இருந்தால், அரச தரப்பின் மொழிபெயர்ப்பை வரிவரியாக நீங்களே படியுங்கள். சொலிசிட்டருக்கும் பாரிஸ்டருக்கும் அது பிழை என்று தெரிய வழியே இல்லை. நாங்கள் இரண்டு வருடம் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை, பயத்தில்.

இவர் மறைத்த ஒன்றையும் எழுத வேண்டும். இரண்டாவது சந்திப்பில், வழக்குக்குப் பன்னிரண்டு நாள் இருக்க, ஒவ்வொரு பொதிக்கும் 200 பவுண் கைச்செலவுக்கு என்று வாங்கினேன் என்று இவர் சொன்னார். எனக்கே அன்றுதான் தெரியும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பாரிஸ்டர் கோபப்படவில்லை, பேனையை மூடிவைத்தார். "இதை நான் இன்று உங்களிடமிருந்து கேட்பது நல்லது, அடுத்த மாதம் ஜூரிக்கு முன்னால் அவர்களிடமிருந்து கேட்பதைவிட" என்றார். எந்தத் தரப்பு வக்கீலிடமும் எல்லாவற்றையும் சொல்லக்கூடாது என்ற பழைய பயம் எங்களுக்குள் இருக்கிறது. அவரிடம் சொல்வது வெளியே போகாது. ஒரே ஒரு கட்டுப்பாடு: நான் குற்றம் செய்தேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு, செய்யவில்லை என்று வாதாடச் சொன்னால் அவர் அப்படி வாதாட முடியாது, கோர்ட்டை ஏமாற்ற அவருக்கு அனுமதியில்லை. எழுத்தில் கொடுத்திருந்த எதிர்வாதத்தை அடுத்த நாளே திருத்திக் கொடுத்தார்கள். அரச தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு அரைநாள் இவரைக் கேட்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த அரைநாள் இல்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்வது பற்றி அவர் பேசியபோது, எங்களை விற்றுவிட்டுப் போகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு குறையும், பிறகு கால் பங்காகும், விசாரணை தொடங்கும் நாளில் பத்தில் ஒன்றாகிவிடும். இதைச் சொல்லாமல் விட்டால்தான் அவர் கடமை தவறினவர். சொல்லிவிட்டு, "முடிவு உங்களுடையது, என்னுடையதல்ல. எந்த முடிவென்றாலும் ஒரே மாதிரித்தான் உழைப்பேன்" என்றார். அதோடு சட்டத்தையும் விளக்கினார். சாதாரணமாகக் கள்ளப்பணத்தை வைத்திருந்த குற்றத்துக்குச் சந்தேகம் இருந்தாலே போதும். ஆனால் சதி என்று வழக்குப் போட்டால், கள்ளப்பணம் என்று தெரிந்திருந்ததை நிரூபிக்க வேண்டும், வெறும் சந்தேகம் போதாது. லண்டனில் நாணய மாற்றுக் கடை நடத்திய சைக் என்பவரின் வழக்கில் 2006இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அப்படித் தீர்த்தது. இவருக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். பொதி பாரமாக இருந்தது, 200 பவுண் கொடுத்தார்கள், ஒரு மனிதனுக்கு வராமலா இருக்கும்? ஆனால் தெரிந்து செய்யவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் என் குடும்பம் நின்றது. கடைசி நேரத்தில் அரச தரப்பு அந்தச் சாதாரணக் குற்றச்சாட்டையும் சேர்க்கக் கேட்டது. இரண்டு வருடம் இருந்துவிட்டு இப்போது வேண்டாம் என்று நீதிபதி மறுத்துவிட்டார்.

நான் சாட்சி என்பதால் என் சாட்சியம் முடியும்வரை உள்ளே போக முடியவில்லை. மூன்றரைக் கிழமை நடைபாதை வாங்கில் இருந்தேன். துணைக்கு யாரையாவது உள்ளே உட்கார வையுங்கள், அதை முன்பே யோசியுங்கள். இவர் அங்கே நான் இல்லாமல், குற்றக்கூண்டுக் கண்ணாடிக்குப் பின்னால். மதிய இடைவேளையில் பாரிஸ்டர் அதே வாங்கின் மறுமுனையில் இருந்து எழுதுவார். விக்கைக் கழற்றி மடியில் வைத்திருப்பார், நெற்றியில் அதன் சிவந்த கோடு. சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. ஒருநாள் ரோல்ஸ் இரண்டைத் தாளில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். எழுதிக்கொண்டே இரண்டையும் சாப்பிட்டார்.

பொலிஸ் ஒலிப்பதிவை அவர் கையாண்ட விதத்தை உள்ளே இருந்த தம்பி வந்து சொன்னான். அதில் "அது போதைக் காசு என்று உனக்குத் தெரியும்தானே?" என்ற கேள்விக்கு இவர் "யெஸ், யெஸ்" என்றிருக்கிறார். நாங்கள் போனில் 'ஓம், ஓம்' என்று கொண்டே கேட்போமே, அதே பழக்கம். பாரிஸ்டர் நாற்பது நிமிடத்தையும் இருந்து எண்ணியிருக்கிறார்: 53 யெஸ், அதில் 31 கேள்வி முடிய முன்னமே. ஒரு இடத்தில் அதிகாரி கடைக் கதவிலக்கத்தைப் பிழையாகச் சொல்கிறார், இவர் அதற்கும் "யெஸ், யெஸ்". அந்தப் பகுதியை மூன்று தடவை போட்டுக் காட்டிவிட்டு, அதிகாரியிடம் ஒரு கேள்விதான் கேட்டாராம்: அந்த இலக்கத்தில் எங்கள் கடை இருக்கிறதா? இல்லை என்றார். பாரிஸ்டர் உட்கார்ந்துவிட்டார்.

சாட்சிக்கூண்டு பற்றி ஒன்று. இங்கே பாரிஸ்டர் உங்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித்தர மாட்டார், அது தடை. கேள்வியை முழுதாகக் கேளுங்கள், விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள், இவ்வளவுதான் சொன்னார். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டோம், இலங்கைத் தமிழ் தெரிந்தவராக என்று எழுதிக் கேட்டோம். இவரது சாட்சியம் வெள்ளிக்கிழமை பாதியில் நின்றது. சாட்சியம் பற்றி யாரோடும் கதைக்கக்கூடாது என்று நீதிபதி சொல்லி அனுப்பினார், பாரிஸ்டரோடும்தான். அந்தச் சனி ஞாயிறு வீட்டில் யாரும் கோர்ட் என்ற சொல்லை எடுக்கவில்லை. இவர் இரண்டு நாளும் பின்வளவில் முருங்கைத் தொட்டியை உள்ளேயும் வெளியேயும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஜூரி மூன்று நாள் உள்ளே இருந்தது. இரண்டாம் நாள் பத்துக்கு இரண்டு என்றாலும் ஏற்பேன் என்று நீதிபதி சொன்னார். உண்டியல்காரரும் இன்னும் இரண்டு பேரும் குற்றவாளிகள். இவர் பெயருக்கு 'நொட் கில்டி' என்றபோது எனக்குக் கேட்கவில்லை, தம்பி கையைப் பிடித்து அமத்தித்தான் தெரிந்தது. வெளியே வந்தபோது பாரிஸ்டர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பேர்மிங்ஹாமில் வேறு வழக்கு, இன்றிரவே படிக்க வேண்டும் என்றார். என் ஆறு பக்கத்தைத் திருப்பித் தந்தார்.

விடுதலையோடு எல்லாம் தானாகத் திரும்பாது. முடக்க உத்தரவை நீக்கச் சொல்லி அன்றே கேட்க வேண்டும், அதைச் சொலிசிட்டருக்கு நினைவூட்டுங்கள். வங்கி எங்கள் கணக்கை மூடிவிட்டது, திறக்கவே இல்லை, வேறு வங்கிக்கு எட்டு மாதம் அலைந்தோம். லீகல் எய்டுக்குக் கட்டிய 3,200 பவுண் வட்டியோடு வந்தது. 10,700 வரவில்லை. கடை போன 40,000 வரவில்லை. இவர் இப்போது ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை. போன்களை எடுக்க நாலு தடவை எழுதினேன். இந்த வருடம்தான் ஒரு பிளாஸ்டிக் பையில் மூன்றையும் தந்தார்கள். மகள் பழைய சார்ஜரைத் தேடி ஒன்றை ஏற்றினாள். 2020 நவம்பர், அந்தப் புதன்கிழமை இரவு நான் இவருக்கு அனுப்பிய செய்திதான் மேலே நின்றது: "சாமான் இறக்கியாச்சோ? ஆறுதலா வாங்கோ, சாப்பாடு மேசையில."